நாலு அங்குல உயரம்

மோக்கசின் ஓடையில் தண்ணீர் ஏறினால் ஒலீட்டாவின் உடம்பிலும் தண்ணீர் ஏறும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் மூன்று வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டவுனுக்குப் போய், டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். டவுனுக்குப் போகும் பாதை ஓடையின் மேல் கிடக்கும் தரைப்பாலத்தைத் தாண்டித்தான் போகிறது. ஓடை பெருகிப் பாலத்தை மூடிவிட்டால் அவள் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முதலில் கணுக்காலில் நிற்கும், அப்புறம் முழங்காலுக்கு வரும், அப்புறம் நெஞ்சுக்கு.

போன அக்டோபர் வெள்ளத்தில், தண்ணீர் வடிந்து டவுனுக்குப் போக முடியுமுன், அது நெஞ்சுக்கு வந்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு விடும்போது உள்ளே களகளவென்று சத்தம். சன்னலுக்கு வெளியே சரிவின் கீழே ஓடையும் அதே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் கணவர் வெர்லின் ஸ்டாக்ஸ்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டையும் கேட்டார். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்ச நேரம் அவருக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தன் வண்டியைச் சக்கரங்களுக்கு மேல் இன்னும் உயரமாகத் தூக்கிக் கட்டுவது என்று அவர் தீர்மானித்தது அப்போதுதான்.

டவுனில் வீடு பார்க்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. ஒலீட்டாதான் அதற்குப் பதில் சொல்வாள்: "டவுன்ல போய் சாகறதுக்கு இங்கயே இருந்து லேட்டாப் போறேன்."

வெர்லினுக்கு அறுபத்தாறு வயது. மிசௌரி மாநிலத்தின் தென்பகுதியில், ஓசார்க் மலைச் சரிவில், பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இப்போதும் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் பலகை ஆலையில் வேலை. வெள்ளை ஓக் மரத்தைப் பிளந்து, விஸ்கி பீப்பாய்க்கான பலகைகளை அறுக்கிற ஆலை. அந்த ஆலை அவருடைய வலது கைச் சுட்டுவிரலை எடுத்துக்கொண்டது. அதனால் அவருக்கு நேர்ந்த பெரிய சங்கடம் சாலையில்தான். அந்தப் பக்கத்தில் எதிரே வரும் எந்த வண்டிக்கும், தெரிந்தவனோ தெரியாதவனோ, ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து சுட்டுவிரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்வது வழக்கம். சொல்லாமல் போகிறவன் வெளியூர்க்காரன், அல்லது சண்டைக்காரன். சுட்டுவிரல் இல்லாதவன் அடுத்த விரலை உயர்த்தினால் அதற்குப் பொருளே வேறு. ஆகவே வெர்லின் சுண்டுவிரலை உயர்த்துவார். "சீமாட்டி சுண்டுவிரலத் தூக்கிக்கிட்டு டீ குடிக்கிற மாதிரி இருக்கு" என்று ஆலையில் கேலி செய்தார்கள். பிறகு அதுவும் பழகிப்போய், தூரத்தில் சுண்டுவிரல் எழுந்தால் வருவது வெர்லின் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இந்த வணக்கத்தைப் பெற்றுக்கொள்ளும் ஒரு கல்லும் அங்கே இருக்கிறது. தரைப்பாலத்தை ஒட்டி, ஓடை போகிற திசையில், சரளைத் திட்டின் விளிம்பில் ஒரு பெரிய பாறாங்கல். முட்டைமேல் அடை உட்கார்ந்த கோழி போலிருக்கும். அதன் பெயரே கோழி. தண்ணீர் கோழியின் அடிவயிற்றைத் தொட்டால் 'கோழி உட்கார்ந்திருக்கிறது' என்பார்கள். எந்த வண்டியும் பாலத்தில் போகலாம். முதுகு மட்டும் தெரிந்தால் உயரமான வண்டி போகலாம். கோழி முழுகிவிட்டால் யாரும் போகக்கூடாது. மாவட்ட நிர்வாகம் ஒரு முறை அளவுக்கம்பம் நட்டது. அடுத்த வெள்ளம் அதைக் கொண்டுபோனது. கோழி அப்படியே இருந்தது. பாலத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் கோழிக்கும் ஒரு விரல் உயர்த்திவிட்டுத்தான் போவார்கள். அது வேடிக்கையாகத் தொடங்கியிருக்க வேண்டும். வெர்லினின் நினைவுக்கு எட்டியவரை அது வேடிக்கையாக இருந்ததே இல்லை.

அக்டோபர் வெள்ளத்தின் இரண்டாம் நாள் விடியலில், தண்ணீர் எப்படியிருக்கிறது என்று பார்க்க அவர் நடந்தே இறங்கிப்போனார். கோழி உட்கார்ந்திருந்தது. அடிவயிற்றுக்குத்தான் தண்ணீர். ஒலீட்டாவைக் கூட்டிவர ஓட்டமாகத் திரும்பியவர், ஏதோ உறுத்தி மறுபடி பார்த்தார். பாலத்தைத் தாண்டிக் கீழ்ப்புறம், ஓடை வளையும் மடுவில், தண்ணீருக்கு அடியில் இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மங்கலான பச்சை வெளிச்சம். அது அசையவில்லை. மேலே தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அது ராய்ஸ் கிரைடருடைய வண்டி. மேட்டு நிலத்துக்காரன், நாற்பது வயதுதான். ஆறு அங்குலம் தூக்கி, அகலமான டயர் போட்டு, அந்த வட்டாரத்திலேயே உயரமான வண்டி வைத்திருந்தவன்.

விசாரிக்க வந்த ஷெரீப் கேட்டபோது வெர்லின் பார்த்ததைச் சொன்னார்: "கோழி உக்காந்திருந்துச்சு." அந்த ஒரு வாக்கியம் ஊரைச் சுற்றி வந்தது. கோழி உட்கார்ந்திருக்கும்போது சின்னக் கார்கூட போகும். அவ்வளவு பெரிய வண்டி எப்படி அடித்துக்கொண்டு போகும்? குடித்திருக்க வேண்டும். ரத்தத்தில் சாராயம் இல்லை என்று மருத்துவர் சொன்னதும் ஊர் இன்னொன்றை முடிவு செய்தது: ராய்ஸ் சாக விரும்பியே இறங்கியிருக்கிறான். யாரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவன் மனைவி நெல்டா கடைக்குள் நுழையும்போது மட்டும் பேச்சு நின்றுபோகும். அவள் தன் நிலத்தின் வழியாக மேட்டுப் பாதைக்குப் போகிற கதவைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒலீட்டா உடம்பு நன்றாயிருந்த காலத்தில் தலைமுடி திருத்துகிறவள். ராய்ஸின் தலையை அவன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவள்தான் வெட்டினாள். அடக்கத்துக்கு முன்னால் கடைசியாக வாரிவிட அவளைத்தான் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மணல் வந்துக்கிட்டே இருக்கு வெர்லின். வார வார வருது. ஒருத்தன் தலையில அவ்வளவு மணல் இருக்குமா?"

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

அதற்குப் பின் ஒரு மாதம் கழித்து, டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து திரும்பும் வழியில், பாலத்தின் நடுவே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோழி திரும்பி உக்காந்திருக்கு."

"என்னது?"

"முன்னாடி நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நம்மளப் பாக்குது."

டயாலிசிஸ் அன்று அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும். கண் இருட்டும், சொல் தடுமாறும். வெர்லின் கோழியைப் பார்த்தார். கோழி கோழியாகத்தான் இருந்தது. ஒரு கல்லுக்குக் கோழி என்று பெயர் வைத்தபிறகு அது எந்தப் பக்கத்திலிருந்தும் கோழியாகத்தான் தெரியும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. சுண்டுவிரலை உயர்த்திவிட்டு வண்டியை ஓட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் பாலத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

குளிர்காலம் மழையில்லாமல் போயிற்று. பாலத்தின் மேல் கணுக்கால் அளவுக்குமேல் தண்ணீர் வரவில்லை. மார்ச்சில் வெர்லின் ஒலீட்டாவையும் கூட்டிக்கொண்டு டென்சில் ஹாத்காக்கின் பட்டறைக்குப் போனார். டென்சில் வட்டாரத்து வண்டிகளையெல்லாம் தூக்கிக் கட்டுகிறவன். தடித்த உடம்பு, மெல்லிய குரல்.

"ஆறு இன்ச் தூக்கிடு. இருக்கறதுலயே பெரிய டயரா மாட்டு."

டென்சில் வண்டியைச் சுற்றி வந்து பின்சக்கரத்தை ஓர் உதை விட்டான். "ஆறு இன்ச்சா? இந்தக் கெழட்டு வண்டிக்கா? எங்க போறீங்க, சொர்க்கத்துக்கா? அங்க ரோடு நல்லாத்தான் இருக்குன்னு கேள்வி."

"ஓடையத் தாண்டணும்ப்பா. அவளக் கூட்டிக்கிட்டு."

டென்சில் விளையாட்டை நிறுத்தினான். "அப்போ கேளுங்க. உசரம் வேற, பிடிப்பு வேற. அகல டயர்னா ஒவ்வொண்ணும் ஒரு காத்துப் பை. தண்ணியில எறங்குனா மெதக்கும். வண்டி உசரமா நிக்கும், ஆனா தரையில நிக்காது. சறுக்கிக்கிட்டுப் போயிரும். உசரமா, ஒல்லியா இருக்கற டயர்தான் தண்ணியக் கிழிச்சுக்கிட்டுத் தரையப் பிடிக்கும். பாக்கறதுக்குக் கொக்குக் காலாட்டம் இருக்கும். பசங்க சிரிப்பானுங்க."

"ராய்ஸ் போட்டது?"

"அகலம்."

"ராய்ஸ் கதை வேற."

டென்சில் கையைத் துணியில் துடைத்தான். நேராகப் பார்க்கவில்லை. "ஆமா. வேறன்னுதான் சொல்றாங்க."

பட்டறை வாசலில் ஆறு அங்குலம் தூக்கிய சிவப்பு வண்டி ஒன்று நின்றது. ஒலீட்டாவை ஏறிப் பார்க்கச் சொன்னார்கள். அவளுக்கு இடது கை உதவாது. அந்தக் கையில்தான் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், பாரம் இழுக்கக்கூடாது. அங்கே தோலைத் தொட்டால் உள்ளே வண்டு ரீங்கரிப்பதுபோல ஓர் அதிர்வு. அது நின்றால் ஆபத்து. வெர்லின் தூங்கப் போகுமுன் தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

வலது கையால் பிடியைப் பற்றி ஒரு காலைத் தூக்கினாள். கால் படியை எட்டவில்லை. மறுபடி முயன்றாள். மூச்சு வாங்க இறங்கி நின்றாள்.

"டென்சில், இதுக்குக் கூடவே ஒரு தீயணைப்பு வண்டியும் குடுப்பியா? ஏணியோட?"

"ஒலீட்டாம்மா, பின்னாடியிருந்து வெர்லின் தூக்கி விடுவாரு."

"அந்தாளு தூக்குனா ரெண்டு பேரும் விழுவோம். அப்புறம் எங்கள அள்ள இன்னொரு வண்டி." பிறகு அவள் வெர்லினிடம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது. "தண்ணிக்கு மேல தூக்கறேன்னு என்னைத் தரைக்கு எட்டாம தூக்கிடாத. நானா ஏறணும். ஏற முடியாத அன்னிக்கு நான் எங்கயும் போகல."

வெர்லின் வாசலிலேயே வெகுநேரம் நின்றார். ஒவ்வோர் அங்குலமும் தண்ணீரிடமிருந்து அவளைத் தள்ளி வைக்கிறது. அதே அங்குலம் வண்டியிடமிருந்தும் தள்ளி வைக்கிறது. எதைப் பிடித்தாலும் மற்றது கைநழுவியது. சிவப்பு வண்டியில் அவள் செருப்பு உரசிய சேற்றுத்தடம் இருந்தது. படிக்குக் கொஞ்சம் கீழே.

"எந்த உசரத்துக்கு அவ கால் எட்டும்?" என்றார்.

டென்சில் அவள் முழங்காலைப் பார்த்தான், படியைப் பார்த்தான். "நாலு. அதுவும் கீழ ஒரு பலகை போட்டா."

நாலு அங்குலம் என்று முடிவாயிற்று. டென்சில் கமான்பட்டைகளை மாற்றினான், நீள ஷாக் அப்சார்பர் போட்டான், ஆக்சிலுக்குள் தண்ணீர் புகாதபடி மூச்சுக்குழாயை மேலே ஏற்றிக் கட்டினான், கொக்குக்கால் டயர்களை மாட்டினான். வெர்லின் ஆலையிலிருந்து எடுத்துவந்த ஓக் பலகையில் ஒரு முக்காலி செய்து, ஏறியபிறகு உள்ளே இழுத்துக்கொள்ள அதில் கயிறு கட்டினார்.

சாவியைக் கொடுக்கும்போது டென்சில் சொன்னான்: "ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க. பட்டை படியட்டும். அப்புறம் முன்விளக்கு ரெண்டையும் எறக்கித் தரேன். வண்டி தூக்குனதுல வெளிச்சம் மேல போவுது. எதிர்ல வர்றவன் திட்டுவான்."

திட்டினார்கள். விளக்கை அணைத்து அணைத்து எரித்தார்கள். வெர்லின் சுண்டுவிரலை உயர்த்தியபடி போனார்.

அந்த வாரத்திலேயே மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் விடியுமுன் தூறலானது. அன்று ஒலீட்டாவின் முறை. முந்தைய முறையே டவுனில் இயந்திரக் கோளாறு என்று பாதியில் அனுப்பியிருந்தார்கள். காலையில் அவள் செருப்பைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. பாதம் உள்ளே போகவில்லை. வெர்லினின் சாக்ஸைப் போட்டுக்கொண்டு, முக்காலியில் கால் வைத்து, வலது கையால் பற்றி, தானாகவே ஏறினாள். ஏறி உட்கார்ந்ததும் சாய்ந்து கண்ணை மூடினாள். மூச்சில் அந்தச் சத்தம் தொடங்கியிருந்தது. இன்றும் போகவில்லையென்றால் அடுத்தது என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சரிவில் இறங்கினார்கள். மரங்களுக்கிடையே வெளுப்பு தெரியத் தொடங்கிய நேரம். ஓடை பழுப்பாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாலம் தெரியவில்லை. பாலம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் லேசாகச் சுருங்கி மடிந்தது, அவ்வளவுதான். கோழி உட்கார்ந்திருந்தது. அடிவயிற்றுக்குத் தண்ணீர்.

"உக்காந்திருக்கு," என்றார் வெர்லின்.

முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டது. வழக்கப்படி சுண்டுவிரல் எழுந்தது. முன்பெல்லாம் விளக்கு வெளிச்சம் தண்ணீரின் மேல்தான் விழும். அன்று அது தண்ணீரைத் தாண்டி, இறக்கப்படாத விளக்குகளிலிருந்து நேராகக் கோழியின் முதுகில் விழுந்திருந்தது. அவரும் நாலு அங்குலம் உயரத்தில் உட்கார்ந்திருந்தார். முதுகை மேலிருந்து பார்த்தார்.

சிறுவயதில் அந்த முதுகில் நின்று மீன் பிடித்திருக்கிறார். அதில் கறுப்புப் பாசி உண்டு. நடுவில் ஒரு குழி. மழைத்தண்ணீர் அதில் நிற்கும், அதில் தூண்டில் புழுவைப் போட்டு வைப்பார். இப்போது குழி இல்லை. பாசி இல்லை. வெளிச்சத்தில் அது வெளுத்து, மஞ்சளடித்து, செத்த மீனின் அடிவயிறு போலக் கிடந்தது. வெளிச்சமே பார்க்காத ஒன்று மேலே வந்து மழையில் நனைந்துகொண்டிருந்தது.

காலை பிரேக்கில் வைத்ததாக அவருக்கு நினைவில்லை. வண்டி நின்றிருந்தது.

"ஒலீட்டா."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "பாக்குதா?"

"அது முதுகு இல்ல. வயிறு."

"உருண்டு மேல ஏறிடுச்சா?" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு முழுதும் விளங்கியது. அக்டோபரில், ராய்ஸ் பாலத்தில் இறங்குமுன்பே, வெள்ளம் அந்தக் கல்லைப் புரட்டிச் சரளைத் திட்டின் உச்சிக்குத் தள்ளியிருக்கிறது. கோழி இப்போது உட்கார்ந்திருப்பது பழைய இடத்தைவிட ஓர் ஆள் இடுப்பு உயரம் மேலே. அதன் வயிற்றுக்குத் தண்ணீர் என்றால் பாலத்தின்மேல் நெஞ்சளவு. நாலு அங்குலம், ஆறு அங்குலம், எந்தக் கணக்கும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆறு மாதமாக ஊரே தினமும் அந்தக் கல்லுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அவரும் சொல்லியிருக்கிறார். ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவள் ஒருத்தி, அவள் சொன்னதை நோயின் கணக்கில் எழுதியாயிற்று.

மெதுவாகப் பின்னால் எடுத்தார். சக்கரம் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. மடுவின் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். அங்கே பழுப்புத் தண்ணீர் மட்டும் சுழன்றது.

பின்னால் ஹார்ன் அடித்தது. நெல்டாவின் தாழ்ந்த சின்னக் கார். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. பிள்ளைகள் வருமுன் காலைச் சாப்பாடு ஆக வேண்டும். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"வெர்லின்! புது வண்டிய நனைக்க மனசு வரலியா? வழிய விடு, எனக்கு நேரமாச்சு."

வெர்லின் வண்டியைத் திருப்பிப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தினார். இறங்கினார். "போகாத நெல்டா."

"கோழி உக்காந்துதான இருக்கு."

"இருக்கு. ஆனா..."

"கோழி உக்காந்திருந்தா குழந்தகூட போகும். நீதான சொன்ன, ஷெரீப்கிட்ட? ஊரே அதத்தான சொல்லுது? இப்ப உன் வாயால போகாதங்கற." அவள் குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் வெர்லினுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "தள்ளு. ஒரு பயமும் இல்லாத தண்ணியிலதான என் புருஷன் செத்தான்."

வெர்லின் தன் வண்டிக்குத் திரும்பினார். ஓட்டுநர் கதவைத் திறந்தார். வண்டியைக் கோழிக்கு நேராகத் திருப்பினார். முக்காலியை எடுத்துக் கதவடியில் வைத்தார். "மேல ஏறிப் பாரு. என் எடத்துல உக்காந்து பாரு. அப்புறமும் போகணும்னா போ, நான் மறிக்கல."

அவள் சந்தேகத்தோடு பார்த்தாள். ஒலீட்டா உள்ளேயிருந்து மூச்சு வாங்கக் கூப்பிட்டாள்: "வா பிள்ள."

நெல்டா ஏறினாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடித் துடைப்பான் ஒருமுறை போய்வரும்வரை காத்திருந்து, பார்த்தாள். துடைப்பான் மட்டும் போய்ப் போய் வந்தது.

"அது... முதுகுப்பக்கம் ராய்ஸ் எங்க பேரச் செதுக்கியிருந்தான். கல்யாணத்துக்கு முன்னாடி," என்றாள் கடைசியில். "எங்க அது?"

"அடியில இருக்கு," என்றார் வெர்லின்.

ஒலீட்டா தன் வலது கையை நீட்டி நெல்டாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நான் ஒண்ணு உங்கிட்ட சொல்லல. அன்னிக்கு அவனுக்குத் தல வாரும்போது, வலது கையில ஒரு விரல் மடங்கல. சுட்டுவிரல். எவ்வளவோ பாத்தாங்க, மடங்கவே இல்ல. நாந்தான் தொப்பிய அந்தக் கைமேல வெச்சு மறைச்சேன். யாருக்கு விரல் தூக்குனான், எதிர்க்கரையில யாரு நின்னான்னு எனக்குப் பயமா இருந்துச்சு. இத்தன நாளும் அத நெனச்சுத்தான் இங்க கண்ண மூடிக்கிட்டேன்."

நெல்டா அவளைப் பார்த்தாள். பிறகு கோழியைப் பார்த்தாள்.

"கோழிக்குத் தூக்கியிருக்கான்," என்றாள்.

"ஆமா."

"சாகப் போறவன் கோழிக்கு விரல் தூக்குவானா வெர்லின்?"

"தூக்க மாட்டான்."

"வேலைக்குப் போயிருக்கான். வேலைக்குத்தான் போயிருக்கான்." அவள் அழவில்லை. பெருமூச்சுகூட விடவில்லை. ஒலீட்டாவின் மூச்சைக் கவனித்து, நெற்றியைச் சுருக்கினாள். "இவங்களுக்கு என்ன இப்படிக் களகளங்குது? எத்தன மணிக்குப் போகணும்?"

"இப்பவே போயிருக்கணும்."

நெல்டா கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினாள். அதில் மேட்டுக் கதவின் சாவி. "என் நெலத்து வழியா முகட்டுக்கு ஏறி, மின்கம்பி போற தடத்துல போனா பெரிய ரோட்டுல விடும். ராய்ஸ் போறதுண்டு. பாறப்படி இருக்கு, மத்த வண்டிங்க அடி தட்டி நின்னுரும். இது ஏறுமா?"

"தெரியல," என்றார் வெர்லின்.

அவளுடைய காரைப் பாதைக்குக் குறுக்கே விட்டு, யாரும் பாலத்துக்கு இறங்க முடியாமல் மறித்துவிட்டு, மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருங்கி உட்கார்ந்து திரும்பினார்கள்.

அந்தப் பயணத்தைப் பற்றி வெர்லின் பிறகு அதிகம் பேசியதில்லை. சேறு அச்சுவரை புதைந்தது. ஒல்லி டயர்கள் சேற்றுக்கு அடியிலிருந்த கல்லைத் தேடிப் பிடித்தன. பாறைப்படியில் ஒரு தடவை அடி உரசி, இரும்பு கிறீச்சிட, ஒலீட்டா "அய்யோ பாவம், புது வண்டி" என்று முனகினாள். இரண்டு இடத்தில் நெல்டா இறங்கி, விழுந்த கிளையை இழுத்துப் போட்டாள். திரும்ப ஏறியபோது பிடிமானத்துக்காகத் தெரியாமல் ஒலீட்டாவின் இடது கையைப் பற்றிவிட்டாள். சட்டென்று விட்டாள்.

"உள்ள என்னமோ ஓடுது!"

"ரத்தந்தான். ஓடலன்னாதான் பயப்படணும்," என்றாள் ஒலீட்டா. "தொட்டுப் பாரு. வெர்லின் தெனம் பாப்பான்."

நெல்டா இரண்டு விரலை அங்கே வைத்தாள். பெரிய ரோடு வரும்வரை எடுக்கவில்லை.

மூன்று மணி நேரம் தாமதம். நர்ஸ் எடை பார்த்துவிட்டு வெர்லினை முறைத்தாள், திட்டவில்லை, உடனே நாற்காலியில் போட்டாள். வாசலில் நெல்டா பள்ளிக்கூடத்துக்கும் ஷெரீப்புக்கும் போன் செய்தாள். ஷெரீப்பிடம் அவள் நீண்ட நேரம் பேசினாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து வெர்லினுக்குச் சொற்கள் கேட்கவில்லை. அவள் ஒரு கையால் ஏதோ உருள்வதுபோலக் காட்டிக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

தண்ணீர் வடிந்தபின் ஆண்கள் கம்பும் கயிறுமாகப் போய் அளந்தார்கள். வெர்லின் கணித்தது அதிகம் தப்பவில்லை. கோழியைச் சங்கிலி போட்டு டிராக்டரால் பழைய இடத்துக்கு இழுக்கலாம் என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். டிராக்டரும் வந்தது. சங்கிலியைக் கொண்டுபோய் மாட்ட யாரும் முன்வரவில்லை. கடைசியில் நெல்டா வந்து, "அப்படியே கெடக்கட்டும், எல்லாருக்கும் தெரியட்டும்" என்றாள். டிராக்டர் திரும்பிப் போயிற்று. இப்போது கடையில் அவள் நுழையும்போது பேச்சு நிற்பதில்லை. யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் தெரியவில்லை. அங்கே அது வழக்கமில்லை. அவளுடைய விறகுக் கொட்டகையில் மட்டும் யாரோ பிளந்த ஓக் விறகை நிறையக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள்.

சொன்னபடி விளக்கை இறக்க வெர்லின் பட்டறைக்குப் போனார். ஒலீட்டா உள்ளே உட்கார்ந்து, நர்ஸ் தொடவே கூடாதென்று சொல்லியிருந்த தக்காளி ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எறக்கிரலாமா?" என்றான் டென்சில் திருப்புளியோடு.

"இருக்கட்டும்," என்றாள் அவள்.

"எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசும் ஒலீட்டாம்மா. போலீஸ் பிடிப்பான்."

"கூசட்டும்."

டென்சில் வெர்லினைப் பார்த்தான். வெர்லின் யோசித்தார். "ஒண்ண எறக்கு," என்றார். "அவ பக்கத்து விளக்கு அப்படியே இருக்கட்டும்."

அன்று மாலை திரும்பும்போது பாலத்தில் கணுக்காலளவு தண்ணீர்தான். முன்னால் போன இரண்டு வண்டிகளும் கோழிக்கு விரல் உயர்த்தவில்லை. ஊரில் இப்போது யாரும் உயர்த்துவதில்லை. ஒரு விளக்கு தண்ணீரில் விழுந்தது. மற்றது அந்த வெளுத்த வயிற்றில். பாலத்தின் நடுவில் வெர்லின் வண்டியை நிறுத்தி, கோழியை விட்டு, ராய்ஸின் வண்டி கிடந்த மடுவைப் பார்த்தார். பச்சையாக, அமைதியாக, அடிவரை இருட்டாக இருந்தது. சுண்டுவிரலை உயர்த்தினார்.

ஒலீட்டா கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். அவளும் அந்தப் பக்கமே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "போலாம்," என்றாள்.